ஒரு கை மட்டும் திருத்த முடியாத சட்டம்

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற தபால்தலை ஆல்பத்தில் ‘ஓலந்து’ என்ற பெயரில் ஒரு பக்கம் முழுக்கத் தலைகள் இருக்கின்றன. விசாரித்தால் அது பின்லாந்தைச் சேர்ந்த தீவுக்கூட்டம் என்கிறார்கள். சொந்தக் கொடி, சொந்தச் சட்டமன்றம், சொந்தப் போலீஸ் எல்லாம் உண்டாம்; ஆனால் தனி நாடு இல்லையாம். அப்படியென்றால் அது என்னதான்? தீவு ஒரு சட்டம் போட்டு, தலைநகரம் வேறொரு சட்டம் போட்டால் எது செல்லும்? எல்லாவற்றுக்கும் மேலாக, கொடுத்தவர்கள் ஒருநாள் ‘போதும்’ என்று திரும்ப வாங்கிக்கொள்ள முடியாதா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: கடைசியாகக் கேட்டீர்களே, அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பதில்: முடியாது. தலைநகர் ஹெல்சிங்கி தனியாக முடிவெடுத்து ஓலந்தின் சுயாட்சிச் சட்டத்தில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. சுயாட்சி பெற்ற தீவுகள் உலகில் பல உண்டு. அதிகாரப் பட்டியலின் நீளத்தை மட்டும் பார்த்தால் ஓலந்தைவிட அதிகம் பெற்றவையும் இருக்கின்றன. இருந்தும் சுயாட்சி என்ற பேச்சு எழும் இடமெல்லாம் ஓலந்தை உதாரணம் காட்டுகிறார்கள் என்றால், இந்த ‘முடியாது’தான் காரணம்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே, பால்டிக் கடலில், போத்னியா வளைகுடாவின் வாயில் கிடக்கும் தீவுக்கூட்டம் அது. பாறைத் திட்டுகளையும் சேர்த்தால் 6,700 தீவுகள் தேறும். ஆள் குடியிருப்பது சுமார் 60-இல். மொத்த மக்கள்தொகை 30,000-ஐ ஒட்டி இருக்கிறது. அதில் ஏறக்குறைய 12,000 பேர் மாரிஹாம்ன் என்ற ஒரே நகரத்தில் வசிக்கிறார்கள். பேச்சு மொழி ஸ்வீடிஷ். பின்லாந்தின் பெரும்பான்மை மொழியான பின்னிஷுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இரண்டும் வெவ்வேறு மொழிக் குடும்பங்கள்.

1809 வரை இந்தத் தீவுகள் ஸ்வீடனிடம் இருந்தன. போரில் தோற்ற ஸ்வீடன் பின்லாந்தை ரஷ்யப் பேரரசுக்கு விட்டுக்கொடுத்தபோது ஓலந்தும் சேர்ந்து போயிற்று. ரஷ்யா அங்கே போமார்சுந்த் என்ற பெரிய கோட்டையைக் கட்டத் தொடங்கியது. கிரிமியப் போரின்போது, 1854-இல், பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் அதைத் தகர்த்தன. இனி இங்கே கோட்டை கூடாது, படைத்தளம் கூடாது என்று 1856-இல் பாரிஸில் ஒப்பந்தமாயிற்று. ஓலந்து படையற்ற தீவாக இருப்பது அன்று தொடங்கிய வழக்கம்.

1917-இல் ரஷ்யப் பேரரசு ஆட்டம் கண்டதும் தீவு மக்கள் கூடி, பழையபடி ஸ்வீடனோடு சேர்ந்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்த ஆகஸ்டில் ஃபின்ஸ்ட்ரோம் என்ற ஊரின் பள்ளி ஒன்றில் அந்தக் கூட்டம் நடந்தது. பின்னர் ஸ்வீடன் மன்னருக்கு எழுதிய விண்ணப்பத்தில் 7,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். இதைக் கவனத்தில் வையுங்கள்: சுயாட்சி வேண்டும் என்று ஓலந்து மக்கள் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது இணைப்பு.

அதே ஆண்டு டிசம்பரில் பின்லாந்து விடுதலை அறிவித்தது. புதிதாகப் பிறந்த நாடு தன் நிலத்தில் ஒரு துண்டை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. மக்களைச் சமாதானப்படுத்த 1920 மே மாதம் ஒரு சுயாட்சிச் சட்டத்தை நிறைவேற்றியது. ஜூனில் பிரதமர் ராஃபேல் எரிக் அதை எடுத்துக்கொண்டு மாரிஹாம்னுக்கே வந்தார். தீவின் தலைவர்கள் ஏற்க மறுத்தார்கள். உடனே யூலியுஸ் சுந்த்ப்ளோம், கார்ல் பியோர்க்மன் என்ற இருவரும் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார்கள். ஸ்வீடன் கொதித்தது. இரு நாடுகளும் முறைத்துக்கொண்டு நின்ற நேரத்தில் பிரிட்டன் பிரச்சினையை அப்போதுதான் பிறந்திருந்த சர்வதேச சங்கத்திடம் கொண்டுபோனது.

சங்கம் அனுப்பிய அறிக்கையாளர் குழு சொன்னதை இன்றைக்கும் எடுத்துப் படிக்கலாம். சிறுபான்மை மக்கள் ஒரு நாட்டிலிருந்து பிரிவது கடைசி வழி. நியாயமான உத்தரவாதம் கொடுக்க அந்த நாட்டுக்கு மனமோ சக்தியோ இல்லாதபோதுதான் அதைப் பற்றி நினைக்க வேண்டும் என்றது குழு. அதோடு நிற்காமல், பின்லாந்து உத்தரவாதங்களைத் தர மறுத்தால் தீவு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தலாம் என்றும் சேர்த்துக்கொண்டது. அந்தப் பின்வரிதான் காரியத்தைச் சாதித்தது என்பது என் எண்ணம். 1921 ஜூன் 24 அன்று சங்கம் தீர்ப்பளித்தது: தீவுகள் பின்லாந்துக்கு, ஆனால் மக்களின் ஸ்வீடிஷ் மொழிக்கும், நிலத்துக்கும், வழக்கங்களுக்கும் பின்லாந்து பொறுப்பேற்க வேண்டும். மூன்று நாள் கழித்து இரு நாடுகளும் அந்த உத்தரவாதங்களின் வாசகத்தை ஒப்புக்கொண்டன. பள்ளியில் பயிற்றுமொழி ஸ்வீடிஷ், வெளியார் வாங்கும் நிலத்தைத் தீவார் மீட்டுக்கொள்ளும் உரிமை, நிலவரியில் பாதி தீவுக்கே என்று எல்லாம் விவரமாக இருந்தன. அக்டோபரில் பத்து நாடுகள் கூடி, படையற்ற நிலையோடு நடுநிலையையும் சேர்த்து ஒப்பந்தம் செய்தன.

மூன்று தரப்பில் ஒருவருக்கும் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஸ்வீடனுக்குத் தீவு இல்லை, தீவுக்கு ஸ்வீடன் இல்லை, பின்லாந்துக்குத் தீவு கிடைத்தும் அதன்மேல் முழுக் கை இல்லை. 1922 ஜூன் 9 அன்று ஓலந்தின் முதல் சட்டமன்றம் கூடியது. அதன் முதல் சபாநாயகர், இரண்டு ஆண்டு முன்பு தேசத்துரோகி என்று கைதான அதே சுந்த்ப்ளோம். சிறைத்தோழர் பியோர்க்மன் தீவரசின் முதல் தலைவர். வேண்டாம் என்று தள்ளிய சட்டத்தின் கீழேயே அவர்கள் பதவியேற்று, அதை ஒவ்வொரு பிரிவாக உறுதிப்படுத்திக்கொண்டே போனார்கள். அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி: எது செல்லும்?

இப்போது நடைமுறையில் இருப்பது 1993 ஜனவரியில் அமலுக்கு வந்த மூன்றாவது சுயாட்சிச் சட்டம். கல்வி, மருத்துவம், காவல், தபால், உள்ளாட்சி, சுற்றுச்சூழல், வானொலி, தொழில் வளர்ச்சி ஆகியவை தீவின் 30 உறுப்பினர் சட்டமன்றத்துக்கு. வெளியுறவு, நீதிமன்றங்கள், குற்றவியல் சட்டத்தின் பெரும்பகுதி, சுங்கம், முக்கிய வரிகள் ஆகியவை ஹெல்சிங்கிக்கு. நம் நாட்டுப் பொதுப் பட்டியலில் மாநிலமும் மத்தியும் ஒரே விஷயத்தில் சட்டம் போட்டால் மத்தியச் சட்டம் மேலோங்கும் அல்லவா? அந்தப் பழக்கத்தில் பார்த்தால் ஓலந்து நமக்குப் பிடிபடாது. அங்கே தீவுக்கு ஒதுக்கிய விஷயத்தில் பின்லாந்து நாடாளுமன்றம் எந்தச் சட்டத்தை நிறைவேற்றினாலும் அது ஓலந்தில் பொருந்தாது. எனவே ‘மேல், கீழ்’ என்ற கேள்விக்கே இடமில்லை; யார் எல்லைக்குள் அந்த விஷயம் வருகிறது என்பது மட்டுமே கேள்வி.

அந்த எல்லையைப் பார்த்துச் சொல்வது யார்? தீவுச் சட்டமன்றம் நிறைவேற்றிய ஒவ்வொரு சட்டமும் ஓலந்து தூதுக்குழு என்ற சிறிய அமைப்பின் பார்வைக்குப் போகும். அதில் ஹெல்சிங்கி நியமிக்கும் இருவர், தீவுச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும் இருவர், தலைமையில் பெரும்பாலும் ஆளுநர். சந்தேகம் எழுந்தால் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்பார்கள். பின்லாந்துக் குடியரசுத் தலைவர் நான்கு மாதத்துக்குள் அந்தச் சட்டத்தை ரத்து செய்யலாம். ஆனால் காரணம் இரண்டே: தீவு தன் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும், அல்லது நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு வர வேண்டும். சட்டம் பிடிக்கவில்லை, கட்சிக்கு ஆகவில்லை, தேர்தல் வருகிறது என்பதற்கெல்லாம் இடமில்லை. நான்கு மாதக் கெடுவும் முக்கியம். கிடப்பில் போட்டுவைத்து ஒரு சட்டத்தைச் சாகடிக்கும் கலை அங்கே செல்லாது.

ஆளுநரையும் கவனியுங்கள். அவரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். ஆனால் தீவின் சபாநாயகரோடு பேசி ஒத்துக்கொண்ட பிறகே நியமிக்க முடியும். இருவருக்கும் உடன்பாடு வராவிட்டால், தீவுச் சட்டமன்றம் கொடுக்கும் ஐந்து பெயர்களிலிருந்து ஒருவரை எடுக்க வேண்டும். மத்திய அரசின் ஆள்தான். ஆனால் தீவு முகம் சுளிக்கும் ஆளை அனுப்ப வழியில்லை.

இப்போது அந்த ‘முடியாது’. சுயாட்சிச் சட்டத்தைத் திருத்த வேண்டுமானால் இரண்டு அவைகளும் ஒரே முடிவை எடுக்க வேண்டும். பின்லாந்து நாடாளுமன்றம் அரசியல் சாசனத்தைத் திருத்தும் அதே கடினமான முறையில் நிறைவேற்ற வேண்டும். ஓலந்து சட்டமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு ஒப்புக்கொள்ள வேண்டும். வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி இருப்பதுபோல, ஒன்று மட்டும் திரும்பினால் கதவு திறக்காது. 200 பேர் கொண்ட பின்லாந்து நாடாளுமன்றத்தில் ஓலந்துக்கு ஒரே ஓர் உறுப்பினர். அந்த ஒரு வாக்கை நம்பி இருந்திருந்தால் சுயாட்சி எப்போதோ கரைந்திருக்கும்.

நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் ஓலந்தைச் சொன்னதாக ஆகாது. ‘ஹெம்பிக்ட்ஸ்ரெட்’ என்ற ஊருரிமை அங்கே உண்டு. தீவுச் சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்க, போட்டியிட, தடையின்றி நிலம் வாங்க, தொழில் நடத்த அது வேண்டும். அந்த உரிமை உள்ள பெற்றோருக்குப் பிறந்தவருக்குத் தானாக வரும். வெளியூரிலிருந்து வருபவர் பின்லாந்துக் குடியுரிமையோடு ஐந்து ஆண்டு அங்கே குடியிருந்து, போதிய ஸ்வீடிஷ் தெரிந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். தீவை விட்டுப்போய் ஐந்து ஆண்டு ஆனால் பறிபோகும். ஹெல்சிங்கியில் பெரிய தொழிலதிபராக இருந்தாலும், கோடைக்கு ஒரு கடலோர வீடு கட்ட ஓலந்தில் நினைத்தபடி மனை வாங்க முடியாது. 30,000 பேர் கொண்ட தீவில் சில ஆயிரம் பணக்காரர்கள் கடலோரத்தை வளைத்துப்போட்டால் மொழியும் போய்விடும், சட்டமன்றமும் பெயரளவுக்கு ஆகிவிடும். சின்னத் தீவுகளுக்குச் சட்டமன்றத்தைவிட நிலச்சட்டம் பெரிய அரண் என்பது என் உறுதியான கருத்து. நாட்டுக் குடிமகனையே அந்நியனாக்குகிறதே என்று இதை எதிர்ப்பவர்களும் உண்டு. அவர்களுடைய கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஐந்து ஆண்டும் ஒரு மொழியும் தாண்ட முடியாத சுவர் அல்ல.

இந்த ஊருரிமை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டாயப் படைச்சேவையும் கிடையாது. அதற்குப் பதிலாகக் கலங்கரை விளக்கத்திலோ கப்பல் வழிகாட்டும் பணியிலோ சேவை செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. அப்படி ஒரு சேவையை இதுவரை யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

பணம் எப்படி? முக்கிய வரிகளை ஹெல்சிங்கி வசூலிக்கிறது. அதற்கு ஈடாக நாட்டின் வருமானத்தில், கடன் நீங்கலாக, 0.45 சதவீதத்தை மொத்தமாகத் தீவுக்குத் தர வேண்டும் என்று 1993-இல் வகுத்தார்கள். பின்னாளில் அதைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். நாட்டின் மக்கள்தொகையில் ஓலந்து அரை சதவீதம் என்பதை நினைவில் கொண்டால் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று விளங்கும். அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று ஹெல்சிங்கி கேட்க முடியாது. திட்டத்துக்குத் திட்டம் கையேந்த வேண்டியதில்லை என்பது பெரிய விடுதலை. ஆனால் வரி விகிதத்தை நிர்ணயிக்கும் கை தீவுடையதல்ல. ‘எங்கள் வரியை நாங்களே வசூலித்துக்கொள்கிறோம்’ என்ற குரல் அங்கே ஓயாமல் கேட்பதற்கு அதுதான் காரணம்.

வெளியுறவு ஹெல்சிங்கிக்கு என்றேன். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பின்லாந்து செய்யும் சர்வதேச ஒப்பந்தம் தீவின் அதிகார எல்லைக்குள் புகுந்தால், அது ஓலந்தில் செல்ல தீவுச் சட்டமன்றத்தின் சம்மதம் வேண்டும். 1994 அக்டோபரில் பின்லாந்து மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வாக்களித்தார்கள். ஓலந்து தனியாக நவம்பரில் வாக்களித்த பிறகே சேர்ந்தது. சேரும்போது ஒரு தனி நெறிமுறை கேட்டு வாங்கியது: ஊருரிமைக் கட்டுப்பாடுகள் தொடரும், ஒன்றியத்தின் மறைமுக வரி எல்லைக்கு வெளியே தீவு நிற்கும். 1999-இல் ஒன்றியத்துக்குள் வரியில்லாக் கப்பல் விற்பனை நின்றபோது இந்த நெறிமுறையின் மதிப்பு தெரிந்தது. ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சிங்கிக்கும் துர்குவுக்கும் போகும் பெரிய பயணக் கப்பல்கள் இன்றும் நள்ளிரவானாலும் ஓலந்துத் துறையைத் தொட்டுவிட்டே போகின்றன. தொட்டால்தான் கப்பல் கடையில் வரியில்லாமல் விற்கலாம். கப்பல் தொழிலை நம்பி வாழும் தீவுக்கு ஒரு நெறிமுறை சோறு போடுகிறது.

இந்த ஏற்பாட்டில் கோளாறே இல்லை என்று சொன்னால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். ‘ஸ்னூஸ்’ என்று உதட்டுக்கடியில் அடக்கிக்கொள்ளும் ஈரப் புகையிலை உண்டு. ஸ்வீடன் தவிர மற்ற ஒன்றிய நாடுகளில் அதன் விற்பனைக்குத் தடை. ஓலந்து அந்தத் தடையைத் தன் கப்பல்களில் சரிவர அமலாக்கவில்லை. ஐரோப்பிய நீதிமன்றத்தில் வழக்கு யார்மேல் வந்தது? பின்லாந்துமேல். 2006-இல் தீர்ப்பும் பின்லாந்துக்கு எதிராகவே வந்தது. ஹெல்சிங்கி நினைத்தாலும் அந்தச் சட்டத்தைத் தானே போட்டுச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் விஷயம் தீவின் எல்லைக்குள் வருகிறது. அதிகாரம் ஓரிடம், பொறுப்பு வேறிடம். தீவின் பக்கமும் ஒரு மனக்குறை இருக்கிறது: எங்கள் அதிகாரத்தில் இருந்த பலவற்றைப் பிரஸ்ஸல்ஸ் எடுத்துக்கொண்டுவிட்டது, ஆனால் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் எங்களுக்கென்று ஓர் இருக்கைகூட இல்லை. இரண்டு பக்கமும் சொல்வது சரிதான். சுயாட்சியை வகுத்தவர்கள் இரண்டு மாடிக் கட்டடத்தை நினைத்து வகுத்தார்கள். மூன்றாவது மாடி பிறகு எழும்பியது.

இன்னொன்று, ஆள்பலம். 30 பேர் கொண்ட அவையும் சிறிய செயலகமும் எல்லாச் சட்டங்களையும் தாமே எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதனால் பல விஷயங்களில் பின்லாந்துச் சட்டத்தையே எடுத்து, சில்லறை மாற்றங்களோடு ‘இது ஓலந்திலும் செல்லும்’ என்று ஒரு வரிச் சட்டம் போட்டுவிடுகிறார்கள். இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. கடன்வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அவர்கள்.

மற்ற தீவுகளோடு ஒப்பிட்டால் என் வாதம் இன்னும் தெளியும். டென்மார்க்கின் கீழ் உள்ள பரோ தீவுகளுக்கு 1948-லும் கிரீன்லாந்துக்கு 1979-லும் தன்னாட்சி வந்தது. இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே நிற்கும் அளவுக்கு அதிகாரம் பெற்றவை. கிரீன்லாந்துக்கு 2009 சட்டம் விடுதலைக்கு வழிகூடக் காட்டுகிறது. மக்கள் வாக்களித்தால், டேனிஷ் நாடாளுமன்றமும் சம்மதித்தால் பிரியலாம். ஓலந்துக்கு அப்படி ஒரு வழி எழுதப்படவில்லை. ஆனால் அந்தத் தன்னாட்சிகள் நிற்பது டேனிஷ் நாடாளுமன்றத்தின் சாதாரணச் சட்டங்களின்மேல். அவற்றை ஒருதலையாகத் திரும்பப் பெறலாமா என்பதில் சட்ட அறிஞர்கள் இன்னும் இரண்டு கட்சி. நடைமுறையில் யாரும் துணியமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சான்சிபாரின் கதை வேறு. 1964-இல் தங்கனிக்காவோடு சேர்ந்து தான்சானியா ஆனபோது, தனி அதிபர், தனி அவை எல்லாம் அதற்குக் கிடைத்தன. ஒன்றிய அரசு பார்க்க வேண்டிய விவகாரங்கள் அன்று 11. பிறகு அவை 22 ஆயின. தங்கனிக்காவுக்கென்று தனி அரசு கிடையாது; ஒன்றிய அரசே அதன் அரசும். அதனால் சான்சிபார் எதிரே உட்கார்ந்து பேரம் பேசினால், எதிரில் இருப்பது நடுவரா, எதிர்த்தரப்பா என்ற குழப்பம் தீர்வதே இல்லை.

ஓலந்து நூறு ஆண்டு தாக்குப்பிடித்ததற்குச் சட்டம் மட்டுமே காரணம் என்றும் நான் சொல்லமாட்டேன். பின்லாந்து ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஜனநாயகமாக நிலைத்தது. அங்கே ஸ்வீடிஷ் நாட்டின் இரண்டாவது ஆட்சிமொழி. பக்கத்தில் ஸ்வீடன் பார்த்துக்கொண்டிருந்தது. தீவில் ஒருவரும் ஆயுதம் ஏந்தவில்லை. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் கதை மாறியிருக்கலாம். சர்வதேச சங்கமே இரண்டாம் உலகப் போரோடு மறைந்துபோனது. உத்தரவாதம் கொடுத்தவர் போனபின்னும் உத்தரவாதம் நின்றது என்றால், அதற்குள் அது பின்லாந்தின் சொந்தச் சட்டமாக வேர்பிடித்துவிட்டது என்று பொருள். 2023-இல் பின்லாந்து நேட்டோவில் சேர்ந்த பிறகும் ஓலந்தின் படையற்ற நிலை மாறவில்லை.

நீங்கள் வேறு எந்தத் தீவின், எந்தப் பகுதியின் சுயாட்சிச் சட்டத்தைக் கையில் எடுத்தாலும், அதிகாரப் பட்டியலுக்கு முன்னால் திருத்தும் முறையைச் சொல்லும் பிரிவைத் தேடிப் படியுங்கள். ஓலந்துச் சட்டத்தில் அது 69-வது பிரிவு.